வலப்பக்கம் திரும்பாத வெர்னர்

வெர்னருக்கு ஆறு மாதமாக ஹான்காக் என்ற தன் ஊரில் வலப்பக்கம் என்றே ஒன்று கிடையாது. காரின் முன்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில்கள் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. இடதுபக்கத்தது படுமோசம், ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் ஒழுகி, மணல் புகுந்திருந்தது. வலப்பக்கம் ஒடித்தால் போதும், டக் டக் டக். அதனால் மனிதர் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ரொட்டி சுடப் போய்வந்தார். ஐந்து நிமிட வழிக்குக் கால் மணி நேரம். ஏரியிலிருந்து ஏறிவரும் பனிமூட்டத்தில் மரவீடுகள் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அவசரமே அறியாத ஜன்மம்.

அந்தச் சுற்றில் அகப்படாதது ஒரே ஒரு முட்டுச்சந்து. ஒருவழித் தெருவில் தேவாலயம் தாண்டி வலப்பக்கம் திரும்பினால்தான் அங்கே போகமுடியும். அதில்தான் அக்கா இர்மாவின் வீடு. அம்மா படுக்கையில் கிடந்த நாலு மாதமும் இர்மா ஒருவர்தான் பார்த்துக்கொண்டார். வெர்னர் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கையில் இர்மா உரக்கக் கேட்டுவிட்டார்: "இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?"

அந்த வாரமே ஆக்சில் சத்தம் போடத் தொடங்கியது. வெர்னருக்கு வசதியாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு டார்லீன் சனிக்கிழமை காலையில் வேலிக்கு அந்தப்புறம் நின்று வம்புக்கு இழுத்தார்.

"வெர்னர், புது ஆக்சில் வாங்கி மூணு மாசமா ஷெட்டுல வச்சிருக்கியே, குஞ்சு பொரிக்கட்டும்னா?"

"மழை விடட்டும்னு பாத்தேன்."

"நேத்தே விட்டுருச்சு. இன்னிக்கு மாட்டினா சாயங்காலம் இர்மா வீட்டுக்கே போகலாம். அதுக்குத்தானே பயப்படற?"

அவருக்குச் சுருக்கென்றது. பானாவை எடுத்தார். சக்கரத்தின் நடு நட்டு துருவில் இறுகிக் கிடந்தது. பானாவில் நீளக் குழாயைச் செருகி, மேலே ஏறி நின்றபிறகே அசைந்தது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பழைய ஆக்சிலை நெம்பி உருவினார். கியர்பாக்ஸ் எண்ணெய் சட்டைக்கைக்குள் ஓடியது.

அப்படியே காரடியில் படுத்துவிட்டார். சக்கரம் இருந்த இடத்தில் ஒரு துண்டு வானம். கடற்காகம் ஒன்று அதற்குள் வருவதும் போவதுமாக இருந்தது. இர்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். எந்த வாக்கியமும் உருப்படியாக இல்லை. மனசு இழுத்தடித்தது, கையோ தன்பாட்டுக்குப் புது ஆக்சிலை உள்ளே தள்ளியது. மறுபக்கச் சக்கரத்துக்குப் பாதி நேரம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் வேலை முடிந்தே போயிற்று.

தேவாலயம் தாண்டி வலப்பக்கம் திருப்பினார். சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சத்தம் இருந்தவரை காரைச் சொல்லித் தப்பிக்கலாம்.

இர்மா கதவைத் திறந்தார்.

"ஆக்சில் மாத்திட்டேன், அக்கா. வண்டி திரும்பல, அதான் இத்தனை நாளா..."

"பத்து நிமிஷ நடை, வெர்னர்."

வெர்னருக்குத் தலை தானாகக் குனிந்தது. "அம்மாவ அப்படிப் பாக்க பயமா இருந்துச்சு. உன்னத் தனியா விட்டுட்டேன்."

இர்மா கதவை இன்னும் அகலத் திறந்தார்.

"எனக்கும் அதே பத்து நிமிஷம்தான்டா. நான் மட்டும் உன் வீட்டுக்கு வந்தேனா?" என்று சொல்லி, கிரீஸ் அப்பிய அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.