உண்டியலில் விழுந்த பதக்கம்

மாமாவின் படைப்பிரிவு அனுப்பிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. 'கடும் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே, காயமடைந்த சக வீரரைத் தோளில் சுமந்து மீட்டு வந்தமைக்காக' வீரப் பதக்கம் என்கிறது அது. மேல்மூலையில் இருந்த தேதியை உச்சிப்புளிப் பக்கத்து எங்கள் ஊர் உப்புக்காற்று தின்றுவிட்டது. பதக்கம் வீட்டுக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பு, அரைப்பரீட்சை முடிந்து விடைத்தாள் கைக்கு வராத வாரம் என்பதுவரை உறுதியாகச் சொல்ல முடியும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பதக்கத்தோடு விடுப்பில் வந்திருந்தார். அந்த வாரக் கடைசியில் எங்கள் பள்ளியில் அவருக்குப் பாராட்டு. பதக்கத்தை எல்லோரும் தொட்டுப் பார்க்கலாம் என்று வகுப்பு முழுக்க நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

வந்த நாள் முதல் மாமா ஓரிடத்தில் உட்காரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போவார். கொல்லைக் கதவின் தாழை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்.

"மாமா, நீங்க தூக்கிட்டு வந்தவரு இப்ப எங்கன இருக்காரு?" என்று ஒரு நாள் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை கழுவ எழுந்துவிட்டார். குழம்பில் காரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாராட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் சட்டையில் குத்திப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் பதக்கம் இல்லை. அரிசிப் பானைவரை துழாவினோம். அம்மா மட்டும் தேடாமல் நின்றாள்.

"நாந்தான் காலையில காளியம்மா உண்டியல்ல போட்டேன். தம்பி உசுரோட வந்தா, மொதல்ல கொண்டு வர்ற வெள்ளி அவளுக்குன்னு நேந்திருந்தேன்ல."

"அது என்ன நேந்துபோடுற வெள்ளிக் கண்மலராடி? கவருமெண்டு குடுத்ததுடி!" என்று அய்யா கத்தினார். அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன்.

"கவருமெண்டா அவனக் காப்பாத்துச்சு?"

நான் கோயிலுக்கு ஓடினேன். அய்யா பின்னாலேயே வந்து பூசாரியிடம் கெஞ்சினார்.

"விழுந்தது ஆத்தாளோடதுப்பா. இனி ஆடியிலதான் தெறப்பு. ஊரே கூடி நிக்கணும்," என்றார் பூசாரி. அதற்குள் நான் உண்டியல் வாயில் விரலை விட்டிருந்தேன். "கைய எடு தாயி. மாட்டுச்சுன்னா அப்பறம் கைக்கும் வெள்ளியில ஒண்ணு செஞ்சு போடணும்."

திரும்பி வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"கேக்காமப் போட்டுட்டியே அக்கா," என்றார் மாமா. "கேட்டிருந்தா நானே வந்து போட்டிருப்பேன்," என்றார். பிறகு வெறுந்தரையில் படுத்து விளக்கு வைக்கும்வரை தூங்கினார். அவர் அப்படித் தூங்கி அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதும் எழவில்லை.

மறுநாள் மேடையில் அவர் சட்டைப் பையின்மேல் வெறும் துணிதான் இருந்தது. பின்வரிசையிலிருந்து 'பொய்க்காரி' என்று என் காதுபட ஒருத்தி சொன்னாள். ஒரு வாரம் அம்மாவோடு நான் பேசவில்லை. பறிகொடுத்தவருக்கு எப்படித் தூக்கம் வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

ஆடியில் உண்டியலைத் திறந்தபோது மாமா எல்லையில் இருந்தார். பதக்கம் கோயிலிலேயே இருக்கட்டும் என்று போனில் சொல்லிவிட்டார். இன்றும் அது அம்மனின் சூலத்தில், வெளுத்த நாடாவோடு தொங்குகிறது.

கடிதத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். 'மீட்டு வந்தமைக்காக' என்றுதான் இருக்கிறது. 'உயிருடன்' என்ற சொல் இல்லை. படைப்பிரிவுக்கு இருமுறை எழுதியும் பதில் வரவில்லை. மாமாவிடம் மறுபடி கேட்கவில்லை. மாமா சுமந்து வந்தவர் பிழைத்தாரா என்பது இதை எழுதும் இந்த நாள்வரை உறுதிப்படவில்லை.