மலருக்குக் கொடுத்த நாற்காலி

கால் கழுவும் சடங்குக்கு வருகிறவர் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டு வந்தால், கோயிலில் கழுவப்படுவது என்ன? சொல்லுங்கள் பார்க்கலாம்.

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கோயிலில் சவரிநாதன், சாமியாருக்குத் துணையாக மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாராக இருந்தார். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பெரிய வியாழன் அன்று அங்கே சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். பன்னிரண்டு நாற்காலிகளும் பன்னிரண்டு பழைய குடும்பங்களுடையவை. அப்பன் செத்தால் மகன் உட்காருவான். அதில் ஒன்று சவரிநாதனுடையது.

பவுடர் மணக்கும் அந்தக் கால்கள் அவருக்கு அலுத்துவிட்டன. இயேசு சீடர்களின் கால் கழுவிய அந்தக் கடைசி விருந்தை மனத்தில் ஓட்டிப் பார்ப்பார். மீனவனான பேதுருவின் கால் எப்படி இருந்திருக்கும்? செதிலும் சேறும் ஒட்டி, வெடித்துப்போய் இருந்திருக்கும். அப்படியொரு கால் அந்தக் கோயிலின் பங்குமக்களிடையேயும் இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மலரின் கால். சாக்கடை அள்ளும் வேலை. ஞாயிறு தவறாமல் வந்து கடைசித் தூணோரம் நிற்பாள்.

"பன்னெண்டு பன்னெண்டாவே இருக்கட்டும். ஒண்ண மட்டும் மலருக்குக் குடுங்க" என்று பங்குப் பேரவையில் கேட்டார்.

துணைத்தலைவர் பெரியநாயகம் சிரித்தார். "இன்னா உபதேசியாரே, மூள கழண்டுகிச்சா? காவாயில நிக்கிற கால சாமியார் தொடணுமா?"

"பேதுரு எங்க நின்னுகினு இருந்தாரு நைனா, ஏசி ரூம்லயா?"

சாமியார் சமாதானம் பேசினார். "பாரம்பரியமும் வேணும், மாற்றமும் வேணும் சவரி. அதுக்குத்தானே இந்த வருஷம் எல்இடி திரை வைக்கிறோம்."

பெண்களுக்கும் கழுவலாம் என்று ரோமாபுரியில் இருந்து போப்பே சொல்லி ஆண்டுகள் ஓடிவிட்டன. இங்கே ரோமாபுரியைவிடச் சாதிக்கு அதிகாரம் பெரிது.

"அப்ப என் நாற்காலி? எங்கப்பன் வுட்டுட்டுப் போனது. உங்க வழக்கப்படி எங்க வூட்டுச் சொத்து. நான் யாருக்கு வேணா குடுப்பேன்" என்றார் சவரிநாதன். வழக்கத்தை வைத்தே மடக்கியதும் பேரவை ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"வாணாம்ணே, பேஜாராய்டும்" என்றாள் சேதி கேட்ட மலர்.

"நான் கீறேன்ல, வாம்மா."

வியாழன் மாலை வந்து உட்கார்ந்தாள். மற்றவர்களைவிட அதிகமாகத் தேய்த்துக் கழுவிய கால். சாமியார் மண்டியிட்டுப் பதினொரு பேரின் கால்களைப் பிடித்துக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். மலரிடம் வந்ததும் நின்றபடி தண்ணீரை ஊற்றினார். துண்டை நீட்டினார். "நீயே தொடச்சிக்கம்மா." அதுவரை கால்களைக் காட்டிய எல்இடி திரையில் அந்நேரம் பீடத்துப் பூக்கள் தெரிந்தன.

வெளியே சவரிநாதனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே சொன்னாள்: "தண்ணி சில்லுனு இருந்திச்சிண்ணே. கைதான் வர்ல."

அதன்பிறகு அவள் கோயில் பக்கம் வரவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் உபதேசியாரை 'ஓய்வெடுக்க' அனுப்பிவிட்டார்கள். இனிமேல் பன்னிரண்டு குழந்தைகளின் கால்களைத்தான் கழுவுவது என்று பேரவை தீர்மானித்தது. சிறுமிகளும் உண்டு. மாற்றமாம்! அத்தனையும் அந்தப் பதினொரு வீட்டுப் பேரப்பிள்ளைகள்.

கிறிஸ்தவப் பெருமக்களே, இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். உங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது யார் என்று, எல்லோர் காதிலும் விழும்படி எழுந்து நின்று கேளுங்கள்.