காலை லூஸாக விடுவது

போன வாரம் என் வலது தோள் பூட்டிக்கொண்டது. சட்டை மாட்டக்கூடக் கை மேலே போகவில்லை. சங்கராபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு பிசியோதெரபி அறை இருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். ஏறிப்போய்க் கதவைத் திறந்தால் உருகிய மெழுகின் வாசனை. அங்கிருந்த இளைஞர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கைய லூஸா விடுங்க சார், நான் தூக்கறேன்" என்றார். விட்டேன் என்றுதான் நினைத்தேன். "விட மாட்றீங்களே" என்று சிரித்தார்.

எப்படி விடுவது? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி, கரும்புக் காடு, ஓட்டல் என்று ஊர் ஊராக அலைந்தவன் நான். பஸ் நிலையங்களில் செருப்பைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கியவன். முன்பின் தெரியாதவரிடம் கையைக் கொடுக்கச் சொன்னால், மூளை சரி என்கிறது, தோள் நம்பவில்லை.

இதற்குப் பெயர் பாஸிவ். நாமே அசைத்தால் ஆக்டிவ், அடுத்தவர் அசைத்தால் பாஸிவ். என் படிப்புக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த மெழுகு வாசனைதான் சொல்லிக்கொடுத்தது.

இளவயதில் கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், ஓர் உரக்கடை மாடியில் இருந்த பிசியோதெரபி அறையில் எனக்கு வேலை. கீழே யூரியா நெடி, மேலே மெழுகு. படிக்கட்டின் பாதியில் இரண்டும் கலந்து தலை சுற்றும். வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் மெழுகை உருக்குவது, விரிப்பு துவைப்பது, நோயாளிகளைத் தாங்கிப் பிடிப்பது என் வேலைகள். முதலாளி டாக்டர் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்ப்பவர். அறையில் பெரும்பாலும் இருந்தது அருள்மேரி. பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி, சங்கராபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். அவளுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டமில்லாத மதியங்களில் என்னைக் கட்டிலில் கிடத்தி, என் உடம்பின் மேல் பாடம் படிப்பாள்.

மல்லாந்து படுத்தால் சுபைன். குப்புறப் படுத்தால் ப்ரோன். மடக்கினால் ஃபிளெக்ஷன், நீட்டினால் எக்ஸ்டென்ஷன். கையைப் பக்கவாட்டில் விலக்கினால் ஒரு பெயர், திரும்பச் சேர்த்தால் வேறொரு பெயர். எனக்குச் சந்தேகம் வந்தது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி, நோயாளிக்குத் தெரியாமல் பேசிக்கொள்ளக் கண்டுபிடித்த பாஷை இது என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன்.

"அது இல்லண்ணா. மேல, கீழன்னு சொன்னா நிக்கறவருக்கு ஒண்ணு, படுத்துக்கினு இருக்கறவருக்கு வேற ஒண்ணு. குழம்பிடும். அதான் உடம்புக்குன்னு தனிப் பேரு."

நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் முழுக்க நம்பவில்லை.

என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். வெள்ளையன், வெள்ளிமலையில் ஜீப் டிரைவர். மலைப்பாதை வளைவில் பலாப்பழ லோடோடு ஜீப் கவிழ்ந்து இடது கால் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. மடங்காத காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அடுத்த பலா சீசன் வரைக்கும்தான் பொறுப்பேன், பிறகு வேறு டிரைவர் என்று ஜீப்பின் ஓனர் சொல்லிவிட்டாராம்.

அருள்மேரி கோணம் அளக்கும் கருவியை அவர் முழங்காலில் வைத்துப் பார்ப்பாள். நான் பள்ளியில் தொலைத்து அடி வாங்கிய பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருக்கும் அது.

"இன்னாம்மா, என் கால வெச்சிக்கினு இங்கிலீசுல இன்னா பேசற? எடுத்துடணும்னு சொல்றியா?"

"ஐயோ, இல்லண்ணா. ஃபிளெக்ஷன் கம்மியா இருக்குன்னு சொன்னேன். நான் மடக்கறேன், நீங்க லூஸா விடுங்க."

"லூஸாத்தான் கீறேன்."

"ஒரல் மாதிரி வெச்சிக்கினு லூஸுன்றீங்களே!"

மல்லுக்கட்டி மடக்கி அனுப்புவாள். கொஞ்சம் மடங்கிய காலோடு போவார். அடுத்த முறை வரும்போது பழையபடி விறைத்திருக்கும். தான் அளந்ததுதான் தப்பு, தேர்வில் தோற்கப்போகிறோம் என்று அருள்மேரி அழுதாள். நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் பின்னாலேயே போனேன்.

பஸ் நிலையச் சுவரோரம் உட்கார்ந்து, பையிலிருந்து மூங்கில் பத்தைகளை எடுத்தார். காலை நீட்டி, பத்தைகளை முழங்காலைச் சுற்றி அடுக்கி, துணியால் இறுக்கிச் சுற்றினார்.

"யோவ், இன்னா பண்ற?"

திடுக்கிட்டார். "எங்க மாமனாரு எலும்புக்குக் கட்டுப் போடற வைத்தியரு. அவரு கட்டுன கட்டு, தம்பி. கட்டனவரு கையாலதான் அவுக்கணும். நானே அவுத்தது தெரிஞ்சா எங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு."

"அப்ப எதுக்கு இங்க வர்ற?"

"ரெண்டு வைத்தியமும் பாத்தா, எதுனா ஒண்ணு கேக்கும் இல்ல?"

ஒருவர் மடக்க, ஒருவர் நீட்ட, பாவம் அந்த முழங்கால் என்ன செய்யும்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போய்ச் சொன்னபோது அருள்மேரி சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டாள்.

மாமனார் ஒல்லியான மனிதர். எங்களைப் பார்த்ததுமே முகம் இறுகியது. மாப்பிள்ளையின் காலைத் தடவி, "எலும்பு நல்லா கூடிக்கிச்சு" என்றார்.

"அப்ப ஏன் தாத்தா இன்னும் அவுக்கல?"

கட்டின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினார். பிறகு, "அவுத்தா ஜீப்பு ஏறுவான். ஏறனா மறுக்கா உருளுவான். எம் பொண்ணு இன்னா பண்ணுவா?" என்றார்.

அடுப்படியிலிருந்து மகளின் குரல் வந்தது. "ஓட்டலன்னா மட்டும் நான் இன்னா பண்றதுப்பா? வூட்ல கட்டி வெச்சி அழகு பாக்கறதா?"

மாமனார் குனிந்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அவிழ்த்தார். நிமிர்ந்து அருள்மேரியைப் பார்த்தார். "ஆனா நீ இன்னா பண்றன்னு நான் பக்கத்துல இருந்து பாக்கணும்."

அப்படித்தான் மாப்பிள்ளையோடு மாமனாரும் வர ஆரம்பித்தார். மூலையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். மெழுகை மோந்துபார்த்து, இதில் என்ன கொழுப்பு கலந்திருக்கிறது என்று என்னைத் துருவுவார். ப்ரோன் என்று அவள் சொன்னால், "அப்பிடின்னா?" என்பார். குப்புற என்று நான் சொன்னால், என்னை நம்பாமல் அவளிடம் மறுபடி கேட்பார். அவர் கண் மேலே இருக்க இருக்க வெள்ளையனின் கால் முன்னைவிட விறைத்தது. பலா மரங்களில் பிஞ்சு வைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஒரு மதியம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளையன் குப்புறப் படுத்திருந்தார், கணுக்கால் அருள்மேரியின் கையில். பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மாமனாரின் தலை சுவரில் சாய்ந்திருக்கிறது. வாய் திறந்து குறட்டை.

வெள்ளையனும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"மாமா தூங்கறாரு," என்றார் மெதுவாக. "அவரே தூங்கறாருன்னா பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். கால் அவள் கையில் அப்படியே கனத்து விழுந்தது. அருள்மேரி என்னைப் பார்த்தாள். மூச்சுக்கூட விடாமல் மெல்ல மடக்கினாள். மடங்கியது. மாமனார் விழித்துவிடக்கூடாதே என்று தெருப்பக்கத்து ஜன்னலை நான் சத்தமில்லாமல் சாத்தினேன்.

குந்தி உட்கார அந்தக் காலுக்குக் கடைசிவரை வரவில்லை. கிளட்ச் மிதிக்க வந்தது. சீசனின் முதல் லோடுக்கு மாமனார் நம்பாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம். இரண்டாவது வளைவிலேயே தூங்கிவிட்டாராம்.

இப்போது அந்த மாடியில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். அருள்மேரி தேர்வில் தேறி வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. மாமனார் இறந்துவிட்டார். ஜீப்பை அதன் ஓனர் எடைக்குப் போட்டுவிட்டாராம்; மகன் வாங்கிய வேனில் வெள்ளையன் பின்சீட்டில் போகிறார்.

"இன்னும் கொஞ்சம் லூஸா, சார்," என்றார் சங்கராபுரத்து இளைஞர். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் மூலையில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் தூங்க ஆளில்லை; என் சட்டையும் செருப்புப் பையும் மட்டும் கிடந்தன.