சாலையின் கன்சாஸ் பக்கம்

வெர்லா ஸ்ட்ரவுட் பழைய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்பவள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அவள் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் எதிர்ச்சாரிக்கு மாறினாள். சாலையின் நடுக்கோடுதான் மாநில எல்லை, எதிர்ச்சாரி கன்சாஸ். அவளும் தம்பி கிளீட்டும் சாமான்களைத் தள்ளுவண்டியிலேயே உருட்டி வந்தார்கள். எல்லாச் சாமான்களின் கதவுகளிலும் ஒட்டியிருந்த பழைய சீட்டு அப்படியே இருந்தது: 'உள்ளது உள்ளபடி. வாங்கிய பின் கடை பொறுப்பல்ல.'

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஓடெல் ப்ரூயிட் வாங்கிப்போன ஃபிரீசர் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. உள்ளேயிருந்த மான்கறி நாறிப்போக, நேரே கடைக்கு வந்தார். வெர்லா சீட்டைச் சொல்லிக் கையை விரித்தாள்.

"அந்தச் சீட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம்தாம்மா செல்லும்" என்றார் அவர். "நீ இப்ப கன்சாஸ்ல நிக்கிற."

நம்பாமல் மாநில நுகர்வோர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வீட்டு உபயோகத்துக்கு விற்ற பொருள் அதன் வேலையைச் செய்தாக வேண்டும், சீட்டு ஒட்டித் தப்ப முடியாது என்றாள் அங்கிருந்த பெண்.

"எழுத்துல கேரண்டி குடுத்தாத்தானே மத்திய அரசோட கேரண்டிச் சட்டம் பிடிக்கும்? நான் எதுவுமே எழுதிக் குடுக்கலியே" என்றாள் வெர்லா.

"அந்தச் சட்டம் குறைஞ்சபட்சம்தாங்க. அதுக்கு மேல மாநிலம் குடுத்த உரிமையில அது கை வைக்காது."

ஒரு வழி மட்டும் உண்டு என்றாள் அந்தப் பெண். இன்ன குறை என்று முன்னாலேயே சொல்லி, வாங்குபவர் தெரிந்தே வாங்கினால் அந்தக் குறைக்கு மட்டும் கடை பொறுப்பில்லை.

ஓடெலுக்கு வேறு ஃபிரீசர் போனது. போன கறிக்கு ஈடாக, கிளீட் புகையில் வாட்டிய மாட்டிறைச்சியும் கூடப் போனது. பிறகு இருவரும் உட்கார்ந்து சீட்டுகளைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள்.

அன்றிலிருந்து எதையும் நாள் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் வெர்லா விற்பதில்லை. இது கத்தும், அதில் விளக்கு எரியாது என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்; எழுதியும் ஒட்டுவாள்.

"அக்கா, நீ விக்கிறியா, வெரட்டுறியா?" என்றான் கிளீட்.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். முன்பெல்லாம் சாயங்காலம் போன் அடித்தால், ஏதோ புகார்தான் என்று அவள் எடுக்கவே மாட்டாள். இப்போது நிதானமாக எடுக்கிறாள்.

சென்ற சனிக்கிழமை ஓட்டலில் பரிமாறும் டார்லீன் என்பவள் வந்து ஒரு வாஷிங் மெஷினைத் தடவிப் பார்த்தாள். துணி பிழியும்போது அது இடம்விட்டு நகரும் என்றாள் வெர்லா.

"நகரட்டும். எங்க வீட்ல நாலு ஆம்பளைங்க இருக்காங்க, சோபாவை விட்டு ஒருத்தரும் நகர்றதில்ல. இதாவது நகரட்டுமே."

வெர்லா சிரித்துக்கொண்டே மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். டார்லீன் மறுபக்கம் பிடிக்க, இருவருமாக அதை டார்லீனின் வண்டியில் ஏற்றினார்கள்.