அதிமதுரம் போட்ட தேநீர்

என் கணவர் குடும்பத்தில் பலருக்கும் சர்க்கரை நோய். இவருக்கும் அது வந்துவிடக் கூடாதென்று, காலையில் நான் போடும் மூலிகைத் தேநீரில் பனங்கற்கண்டைக்கூட நிறுத்திவிட்டேன். தேக்கா சந்தையில் வாங்கி வரும் சுக்கு, மல்லி, மிளகு, சித்தரத்தை எல்லாவற்றையும் இடித்துக் கொதிக்கவிட்டு, இனிப்புக்கு அதிமதுரம் சேர்ப்பேன். முதலில் ஒரு சிறு துண்டுதான் போட்டேன். இனிப்புப் போதாமல் அவர் லேசாக முகம் சுளித்ததும் ஒரு கைப்பிடியாக்கினேன். வேர்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற தைரியம். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் பாதிப் பேருக்கு இந்தச் செய்முறையை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

சில வாரங்களில், ஒரு மாத்திரையில் அடங்கியிருந்த அவருடைய பிரஷர் ஏறத் தொடங்கியது. பாலிகிளினிக்கில் இரண்டாவது மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. கிராஞ்சியில் அவர் வேலை செய்யும் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடை இருக்கிறது. அங்கே கிடைக்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் உப்புத் தூக்கலான நெத்திலிச் சம்பலும் அவருக்கு உயிர். அங்கேதான் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் போயின. அரை உப்பில் சமைத்து டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து, அவர் வேலை முடிந்து வந்ததும் விரல்களை முகர்ந்து பார்ப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி கையை நீட்டுவார்.

கல்யாணமாகித் தனியாக இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். ஒரு ஞாயிறு, அவள் முன்னாலேயே பேச்சு முற்றியது.

"சத்தியமா வெளிய ஒண்ணும் சாப்பிடல," என்றார்.

"அப்ப பிரஷர் தானா ஏறுமா? பொய் சொல்ல வெக்கமா இல்ல உங்களுக்கு?"

மகள் சிரித்தாள். "அப்பா, ப்ளஃப் பண்ணாதீங்க லா."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிக்கொண்டார்.

அடுத்த முறை பாலிகிளினிக் போனபோது பிரஷர் இன்னும் இறங்கவில்லை, கால் வேறு வீங்கியிருந்தது. மூலிகை மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். எனக்குப் பொறுக்குமா? தினமும் நான் தேநீர் போட்டுத் தருவதையும் அதில் என்னென்ன சேர்ப்பேன் என்பதையும் ஒவ்வொன்றாகப் பெருமையோடு சொன்னேன். அதிமதுரம் என்றதும் டாக்டரின் கை கீபோர்டில் நின்றது. எவ்வளவு என்று கேட்டார். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். அந்த வேர் அதிகமானால் உடம்பில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றிவிடும், இன்றே நிறுத்துங்கள் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்? விடு," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொய்யர் என்று சொன்னதற்கு ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதிமதுரம் போடாதீர்கள் என்று புளோக்கில் இருப்பவர்களுக்கு அன்றே செய்தி அனுப்பினேன். மகளுக்கு மட்டும் அனுப்பவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நேரில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சில வாரங்களில் பிரஷர் இறங்கி, இரண்டாவது மாத்திரையும் நின்றது. அடுத்த ஞாயிறு மகள் பிரஷர் மெஷினில் பதிவாகியிருந்த எண்களைப் பார்த்தாள். "வாவ்! கடைசில நாசி லெமாக்க விட்டுட்டீங்களா அப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். ரசக் கரண்டியோடு நின்றிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"ஆமாம்மா," என்றார் அவர். "உங்கம்மா சொன்னது சரிதான். இனிமே அந்தக் கடைப் பக்கமே போக மாட்டேன்."

அப்போதும் வாயைத் திறக்காமல், அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.