நான் வைத்தது பட்டன் மட்டுமல்ல

ஜாவாவில் திரை செய்கிறவர்களை யாரும் புரோகிராமர் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்களில் எத்தனை பேருக்கு இந்த அநியாயம் நடந்ததோ, எனக்கு நடந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு ஆலைக்கு ஸ்டாக் பார்க்க சாஃப்ட்வேர் எழுதினோம், நானும் கூடப் படித்த பிரபுவும். எம்.சி.ஏ. கடைசி வருட புராஜெக்ட். டேட்டாபேஸ் அவன், திரைகள் அத்தனையும் நான். ஆனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அவன்தான் பேச வேண்டும் என்று எங்கள் கைடு முடிவு செய்துவிட்டார். பேசுகிறவருக்குத்தான் மார்க். ஏன் சார் என்று கேட்டேன். "நீ பட்டன்தானம்மா வெச்சே."

சேவ்

முதலில் 'சேவ்' அமுக்கினால் டேட்டாபேஸ் பதில் தரும்வரை திரை அப்படியே உறைந்து நிற்கும். ஸ்டோர்ஸில் இருக்கும் ஜெயசீலி அக்கா, ஒன்றும் நடக்கவில்லையே என்று திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். வந்தது ஒரு பேல் துணி. ஸ்டாக்கில் ஏறியது ஐந்து. "அவங்க தப்பு" என்று கைகழுவினான் பிரபு. அந்த வேலையை, திரையை நிறுத்தாமல் பின்னால் ஓடும் தனி த்ரெட்டுக்கு மாற்றி, முடியும்வரை பட்டனை மங்க வைத்து, 'பதிவாகிறது, பொறுங்கள்' என்று காட்ட வைத்தவள் நான். அக்கா அவனிடம் கேட்டார்: "அமுக்குனா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமாய்யா? நான் என்ன செவுத்துகிட்டயா பேசிட்டு இருக்கேன்?"

சிவப்புப் பெட்டி

டேட்டாபேஸ் துப்பும் எரரை அப்படியே திரையில் கொட்டியிருந்தான் பிரபு. ஒருநாள் சர்வர் கேபிள் கழன்றது. பெட்டி நிறைய சிவப்பு இங்கிலீஷ். எவனோ கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டான் என்று பயந்து முதலாளி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். ஷெட்டில் தறியெல்லாம் நின்றது. "படிச்சா புரியும்ல" என்றான் இவன். அதை எடுத்துவிட்டு, 'சர்வர் இணைப்பு இல்லை. கேபிளைப் பாருங்கள். டைப் செய்தது அழியவில்லை' என்று போட்டேன். முதலாளி சொன்னார்: "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏம்மா தறியை நிப்பாட்டப் போறேன்?"

சந்தனத் தட்டு

வைவா எடுக்க வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கல்லூரிக்கு யார் வந்தாலும் சேலை கட்டிய பெண்கள் சந்தனமும் கற்கண்டும் ஏந்தி வாசலில் நிற்க வேண்டும். பையன்கள் கைக்கு அந்தத் தட்டு கனக்குமா என்று கேட்டேன். "இன்னைக்காவது வாயாடாம நில்லு" என்றார் சார்.

நின்றேன். உள்ளே மேடம் கேட்பது காதில் விழுந்தது: "சேவ் பண்றப்ப பட்டன் ஏன் மங்குது?"

"அது அழகுக்கு, மேடம்" என்றான் பிரபு.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தட்டோடு உள்ளே போய் த்ரெட்டிலிருந்து கேபிள்வரை எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் ஒரு கற்கண்டை எடுத்துக்கொண்டு சாரைப் பார்த்தார்: "இவங்களையா வாசல்ல நிறுத்தினீங்க?"

மார்க் வந்தது. பேசுகிறவர் என்று சார் முன்பே எழுதிக் கொடுத்த பெயர் அவனுடையது; பேச்சுக்கான மார்க் முழுக்க பிரபுவுக்கு. நேரே சாரிடம் போய் நியாயம் கேட்டேன். கல்லூரியில் எனக்கு மிச்சமிருந்த கடைசி வாரத்தில் சண்டை போட்டு நான் வாங்கிய நீதி இவ்வளவுதான்: "கோவப்படாதம்மா, அடுத்த வருஷம் ஒன்னையே பேச வெச்சிருவோம்."