துடைத்த குறி

மரியசெல்வம் பதினாறு வருஷமாக ஜன்னல் மாட்டுகிறவன். நொச்சிக்குப்பத்தில் பிறந்தும் கடல் அவனுக்கு ஒத்துவரவில்லை. படகில் ஏறினாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். அக்கா ரோஸியின் புருஷன் லூர்துசாமிதான் அவனைக் கண்ணாடி வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் பணக்காரர்களுக்குச் சுவரே பிடிப்பதில்லை. விரல் அகலத்துக்குச் சட்டம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கடல் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டுமாம். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று மாட்டியவனுக்கே தெரியாது. அதனால் மாட்டியதுமே சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். கடைசிக் கண்ணாடியும் ஏறிய பிறகுதான் துடைப்பது. அது லூர்துசாமி வைத்த ஒழுங்கு.

சாந்தோம் பக்கம் ஓர் ஐந்தாம் மாடி. காய்ச்சலில் லூர்துசாமி இரண்டு நாள் வரவில்லை. நான்காவது கண்ணாடி முனை உடைந்து வந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சட்டம் காலி. அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் சுஹாஸ் போட்டோக்காரரோடு வந்து நின்றார்.

"குறியெல்லாம் தொடச்சுடுப்பா. கடல் தெரியணும்."

"ஒண்ணு காலியா கீது சார்."

"போட்டோல தெரியாது."

மரியசெல்வம் துடைத்தான். காலிச் சட்டத்தில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம், பாவி. சொல்லவில்லை.

படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே லூர்துசாமி வந்துவிட்டார். குறியில்லாத ஜன்னல்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இன்னா மச்சான், நா இல்லாமலே முடிச்சிட்டியா?" என்றபடி, வழக்கம்போல உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கப் போனார். மரியசெல்வம் வாயைத் திறப்பதற்குள் அவர் கை வெறும் காற்றில் போனது. பின்னாலேயே ஆளும் போனார்.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் ரோஸி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ குறி போட்டியா இல்லியாடா?"

"போட்டேன்க்கா."

அது பொய்யில்லை. துடைத்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவும் இல்லாமல் போய்விடுவாள் என்ற பயம்.

"அப்ப குறி இல்லாத சட்டத்த அந்த மனுசன்தான் பாக்காம போயிட்டாரு," என்றாள் ரோஸி.

இன்றைக்கும் ரோட்டோரம் மீன் விற்கும்போது யாராவது விசாரித்தால், கண்ணு தெரியாமல் நடந்து செத்தான் என்று புருஷனைத் திட்டுகிறாள். மரியசெல்வம் பக்கத்தில் நின்று அவளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிறான்.